ஜெயபாண்டியின் புகை டிரம்: பாடங்களும் திருத்தங்களும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெயபாண்டி என்பவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். மூன்று பேரும் வருவதாகச் சொன்னோம். ஒருவரும் போகவில்லை. மூவரில் ஒருவன் நான்.

அன்றிலிருந்து மூன்று வாரமாக அவன் மாலை வகுப்புக்கு வரவில்லை. பெஞ்சில் அவன் உட்காரும் இடத்தில் என் பையை வைத்துக்கொள்கிறேன். யாராவது கேட்டால் எடுத்துவிடலாம். யாரும் கேட்பதில்லை.

வகுப்பு என்பது திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு லேபிள் அச்சடிக்கும் கடையின் மேல்மாடி. ஏழு மணியிலிருந்து எட்டரை வரை, பின்னலாடைத் தரக்கட்டுப்பாடு, ஆறு மாதச் சான்றிதழ். பகலில் நான் ஒரு கம்பெனியில் கட்டிங் டேபிளில் துணி விரிக்கிறேன். ஜெயபாண்டி வேறொரு கம்பெனியில் செக்கிங். முதல் நாளே ஆசிரியர், "பார்த்த குறையை அன்றைக்கே எழுதி வையுங்கள், மறுநாள் ஞாபகத்தில் இருப்பது பாதி கற்பனை" என்றார். அவர் சொன்னது துணியில் விழும் ஓட்டையைப் பற்றி. நான் எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்துவிட்டேன். ஆகவே ஜெயபாண்டி டிரம் செய்த இரண்டு மாதம் என் டைரியில் தேதிவாரியாக இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் டைரியில் இல்லை. அந்த நாளைப் பற்றி எழுதுவதில் என் மாடியிலிருந்து பார்த்த புகை உண்டு, வீட்டுக்காரம்மா சொன்ன நாலு வார்த்தை உண்டு. மீதி நான் கட்டியது. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "புகை என்பது தனிமையின் மொழி, அதை ஜெயபாண்டி…"

(அடித்துவிட்டேன். புகைக்கு மொழி உண்டு என்று அவனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான்.)

தொடக்கம் இரண்டு: "வேலம்பாளையத்தின் ஆயிரக்கணக்கான மொட்டைமாடிகளில் ஒன்றில்…"

(ஆயிரம் என்று எண்ணியது யார்? எண்ணாததை எழுதக் கூடாது.)

தொடக்கம் மூன்று. இதை வைத்துக்கொள்கிறேன்.

ஜெயபாண்டி முதலில் பார்த்தது நாற்காலிகளைத்தான். திருச்சுழிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மாடியில் தகரம் போட்ட ஒற்றை அறை. ஒரு காலத்தில் அதில் நாலு பேர் படுத்திருந்தார்கள். ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவனுக்குச் சென்னை. கடைசியாக இருந்த மூக்கையா சித்திரையில் ஊருக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அதன்பிறகு ஜெயபாண்டி செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடப் பழகினான். அப்படி ஒருநாள் வந்தது ஒரு வெள்ளைக்காரனின் வீடியோ. இரும்பு டிரம், அடியில் கரி, மேலே இறைச்சி, மூடி. ஆறு மணி நேரம் புகையில் வேகவேண்டும். சுற்றி மூன்று பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் வகுப்பில் அவன் என்னிடம் சொன்னதை அப்படியே எடுத்து வைக்கிறேன்:

"கறிய ஒருத்தனும் பாக்கல துரை. மூடிப்போட்ட டிரம்ம என்னத்தப் பாக்குறது? ஆனா பாக்குறாங்கெ. ஆறு மணி நேரம்யா. ஒருத்தன்கூட எந்திரிச்சுப் போகல."

"செஞ்சு பாக்கலாமுங்க" என்றேன்.

"எனக்கு எதுக்குய்யா 'ங்க'? நான் என்ன ஓனரா?"

என்னைப் போன்ற மூலனூர்க்காரனுக்கு அது நாக்கோடு பிறந்தது, விடாது என்றேன். அப்போதிலிருந்து அவன் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் "வாங்க தொரை" என்றுதான் கூப்பிட்டான். என் பெயர் தங்கதுரை.

3

டைரியிலிருந்து, பாடங்கள்.

ஆடி மூன்றாம் வாரம். டிரம்முக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. சாயப்பட்டறை டிரம் மலிவாகக் கிடைக்கும். அவன் வேண்டாம் என்றுவிட்டான். "அதுல என்னென்ன இருந்துச்சுன்னு அந்த டிரம்முக்கே தெரியாது." இரண்டு ஞாயிறு அலைந்து, காங்கயம் ரோட்டில் ஒரு எண்ணெய் மில்லில் கடலை எண்ணெய் இருந்த டிரம்மைப் பிடித்தான். உள்ளே புளியங்கட்டையைப் போட்டு இரண்டு தடவை வெறுமனே எரித்தான். பெயின்ட் உரிந்து விழுந்தது. பாடம்: முதல் நெருப்பைச் சாப்பிடக் கூடாது.

ஆவணி முதல் வாரம். கரி போட அடியில் ஒரு கதவு, காற்றுக்கு மூன்று ஓட்டை. வெல்டிங் கடை ஆத்தப்பனிடம் நானும் கூடப் போனேன்.

"ஏனுங் தம்பி, தண்ணி காய வெக்கறதுக்குங்களா?"

"இல்லண்ணே, கறி வேக வைக்க."

"கறிக்கு எதுக்குங்க கதவு? எந்திரிச்சு ஓடிப்போயிருமுங்களா?"

சிரித்தாலும் வேலையைச் சுத்தமாகச் செய்தார். உள்ளே வைக்க ஜெயபாண்டி கொண்டுபோயிருந்த, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வலையை மட்டும் வாங்கி ஓரமாகப் போட்டார். "இது வேண்டாமுங்க. சூடு பட்டா பூச்சு ஆவியாவும். அதெ வெல்டிங் வெச்சுப்போட்டு ரண்டு நாள் காச்சல்ல கெடந்தவன் நானு." அதனால் அனுப்பர்பாளையம் போய், ஒரு பாத்திரப் பட்டறையில் ஸ்டீல் கம்பியில் தட்டு அடித்து வாங்கினான்.

ஆவணி மூன்றாம் வாரம். வெப்பமானி. அவன் கம்பெனி அயர்னிங் செக்‌ஷனில் கழித்துப்போட்ட பாய்லரிலிருந்து முள் வைத்த மீட்டர் ஒன்று கிடைத்தது. கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார்த்தான். நூறு காட்டவேண்டியது எண்பத்தொன்பது காட்டியது. துணியில் குறி போடும் சாக்கால் டிரம்மின் மேல் "+11" என்று எழுதினான். கோணலான கருவியையும், எவ்வளவு கோணல் என்று தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம்.*

ஆவணி கடைசி. முதல் சோதனை, கறி இல்லாமல். மீட்டர் நூற்றுப் பத்தில் நிற்கவேண்டும். நிற்கவில்லை, நூற்றெண்பது வரை ஓடியது. கரிக் கதவின் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி. காற்று அங்கே புகுந்தது. ஓட்டைகளை மூடியும் பயனில்லை. புகை வெள்ளையாக, கெட்டியாக வந்தது. அவன் ஊர்ப்பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் அதிகம். அவனுக்குப் புகை தெரியும். "வெள்ளப் பொகை கசக்கும். வருதா இல்லையான்னு சந்தேகப்படுற மாதிரி, நீலமா, லேசா வரணும். அதுதான் நல்ல பொகை."

இடைவெளியை அடைக்க என்ன செய்வது என்று கேட்டான்.

* இந்த வரியை எழுதியபோது என்னைப் பற்றி நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

4

அடைக்க ரிப் துணி கொடுத்தேன். பனியன் கழுத்துக்கு வைக்கிற, இழுத்தால் நீளுகிற துணி. கட்டிங்கில் மிஞ்சுகிற பட்டைகள். திருப்பூரில் எதையும் அடைக்க, துடைக்க, கட்ட, பற்றவைக்க எல்லோரும் கை நீட்டுவது பனியன் வேஸ்டுக்குத்தான். கதவு ஓரத்தைச் சுற்றி மூன்று மடிப்பு வைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டினான். அன்றே நெருப்பு போட்டுப் பார்க்க நேரமில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரை போடவே இல்லை. அடுத்த

(இதன் மீதியைப் பின்னால் சொல்கிறேன்.)

5

புரட்டாசி இரண்டாம் வாரம், வகுப்பு முடிந்து படியில் இறங்கும்போது கூப்பிட்டான். என்னையும், நாகஜோதியையும், செந்தில்வேலையும். நாகஜோதி எங்கள் வகுப்பில் எல்லோரையும் அதட்டுகிறவள்; செந்தில்வேல் ஓர் ஏற்றுமதி ஆபீசில் உதவியாளன்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் ரூமுக்கு வந்துருங்க. ஆட்டுத் தொடை. காலைல எட்டு மணிக்குப் பத்தவச்சிருவேன். வெள்ளனவே வந்தாலும் சரி, சேர் இருக்கு."

"எனக்கு எலும்பு இல்லாம எடுத்து வச்சிரணும்" என்றாள் நாகஜோதி.

"ஒனக்கு எலும்பு மட்டும்தான். வராம மட்டும் இருந்து பாருங்க, திங்கக்கெழம எலும்ப டிபன் பாக்ஸ்ல போட்டுக் கொண்டாந்து ஒவ்வொருத்தர் முன்னாடியும் வச்சிருவேன்."

"வந்துட்டாப் போச்சுங்க" என்றான் செந்தில்வேல்.

நானும் வருகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. அதே படியில் நாங்கள் மூவரும் நின்றோம்.

"எப்படி இருந்துச்சு கறி?" என்று நாகஜோதி என்னைக் கேட்டாள்.

"நீங்க போகலீங்களா?"

"நைட்டு வரைக்கும் ஓ.டி. தீபாவளி ஷிப்மெண்ட். நீங்க ரெண்டு பேரும் போவீங்கல்ல, நான் ஒருத்தி வராட்டி என்னன்னு நெனச்சேன்."

செந்தில்வேல் தலையைச் சொறிந்தான். "புரட்டாசிங்க. எங்கூட்ல மாசம் முச்சூடும் கறி தொடமாட்டமுங்க. மூஞ்சிக்கு நேரா வல்லீன்னு எப்படீங்க சொல்றது? நீங்க போவீங்கன்னுதான்…"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஓ.டி.யும் இல்லை, விரதமும் இல்லை. "வயிறு சரியில்லீங்க" என்றேன். இந்தக் கதையில் வரும் முதல் பொய் அது. அதை நான் கட்டவில்லை, நேரில் சொன்னது.

6

ஞாயிற்றுக்கிழமை.

ஜெயபாண்டி ஆறு மணிக்கே கறிக்கடையில் நின்றான். புரட்டாசியில் கூட்டமில்லை. கடைக்காரர் நல்ல தொடையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். (கட்டியது. ஆனால் கூட்டம் இருந்திருக்காது.) கூட்டமில்லாத காரணத்தை யோசித்திருந்தால் செந்தில்வேல் வரமாட்டான் என்று அவனுக்கு அங்கேயே தெரிந்திருக்கும். அவன் யோசிக்கவில்லை. உப்பு, மிளகு, மஞ்சள், கொஞ்சம் மிளகாய்த்தூள் தேய்த்து ஊறவைத்தான். எட்டு மணிக்குத் கொட்டாங்குச்சிக் கரியைப் பற்றவைத்தான். (இது நிச்சயம். என் மாடியிலிருந்து அவன் மாடி மூன்று சந்து தள்ளி. எட்டே காலுக்கு வெள்ளைப் புகையைப் பார்த்தேன். ஒன்பதுக்கு அது நீலமானது. எனக்கே கை தட்டவேண்டும்போல் இருந்தது.)

கீழே வீட்டுக்காரம்மாவிடம் நாலு நாற்காலி வாங்கி வந்து டிரம்மைச் சுற்றிப் போட்டான். ஒன்றில் உட்கார்ந்தான். மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை திறந்தால் அரை மணி நேரச் சூடு போய்விடும். ஆகவே மூடிப்போட்ட டிரம்மைப் பார்த்தான். வீடியோவில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இப்போது யோசித்தான். மொழி புரியாததால் அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பத்து நாற்பதுக்குப் புகை கறுத்தது. (பார்த்தேன்.) அவன் எழுந்து

எழுந்து என்ன செய்தான்? கதவைத் திறந்தானா? துணி உருகிக் கரியில் சொட்டுவதைக் கண்டானா? என் பெயரைச் சொல்லித் திட்டினானா? திட்டியதாக ஒரு பத்தி எழுதினேன். படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததால் அடித்துவிட்டேன்.

ஒன்றே காலுக்கு அவன் எனக்குப் போன் செய்தான். இது கட்டியதல்ல. ஒரே ஒரு தடவை. முழுதாக அடித்து ஓய்ந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மீதி, வீட்டுக்காரம்மா பெரியாத்தாள் சொன்னது. போன வாரம் மளிகைக் கடையில் எதேச்சையாகப் பார்த்தேன். (எதேச்சை இல்லை. மூன்று நாள் அந்தக் கடைப்பக்கம் நடந்தேன்.)

"அந்தப் பையனுக்கு நீ சிநேகிதனா கண்ணு? அன்னிக்கு மாடியில என்னுமோ நூலு கருகற நாத்தம். கரண்டு ஒயருதான் பத்திக்கிச்சோன்னு நான் ஓடிப் போறேன், இவன் சேர்ல உக்கோந்திருக்கறான். ஆளுக வர்றாங்கம்மா, இன்னங் கொஞ்ச நேரத்துல வந்துருவாங்கங்கறான். பொழுது உழுந்து சேரக் கொண்டாந்து வெச்சான். நாலையுங் கழுவி, தொடச்சு. ஆரும் உக்காராத சேரக் கழுவுவாங்களா சாமி? ஏங் கண்ணுன்னு கேட்டா, பொகை படிஞ்சிருக்கும்மாங்கறான்."

"கறி என்னாச்சுங்க?"

"அவந்தான் தின்னான். நான் வேண்டாமின்னுட்டேன், புரட்டாசி பாரு. தனியா உக்கோந்து தின்னுட்டு, நல்லாத்தாம்மா இருக்குதுன்னான். அந்த நாத்தத்துல எப்படிச் சாமி நல்லா இருக்கும்?"

7

வரைவை நாகஜோதியிடம் காட்டினேன். படியில் நின்றபடியே படித்தாள்.

"இவன் இம்புட்டு அமைதியா இருக்க மாட்டான். அரைமணிக்கு ஒருக்க ஸ்டேட்டஸ் போடுற ஆளு அவன். சோகமா இருந்தாத்தான் கதை நல்லாருக்கும்னு அவன உக்கார வச்சு வதைக்கிற."

"சரிங்க, மாத்தீர்றேனுங்க."

"அது இருக்கட்டும். நாலாவதுல பாதில நிப்பாட்டியிருக்க. துணி உருகுச்சுன்னு ஆறாவதுல வருது. அது காட்டன்தான? காட்டன் கருகும், எப்படி உருகும்?"

அவள் தரக்கட்டுப்பாடு நன்றாகப் படிக்கிறாள்.

நாலாம் பகுதியின் மீதி இது. பட்டைகளைக் கொடுக்கும்போது அவன் கேட்டான்: "நெருப்புப் பக்கத்துல வைக்கிறதுப்பா, சுத்தக் காட்டன்தான?" நான் சொன்னேன்: "நூத்துக்கு நூறுங்க. நான் விரிச்ச துணி, எனக்குத் தெரியாதுங்களா?"

எந்தப் பொருளிலும் ஒரு துண்டு எடுத்து டைரியில் பின் குத்தி வைப்பது என் வழக்கம். அந்த ரிப்பிலும் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கு முந்தைய வியாழன் வகுப்பில் ஆசிரியர் எரித்துப் பார்க்கும் சோதனை நடத்தினார். காட்டன் நூல் காகிதம்போல் எரிந்து சாம்பல் உதிரும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பு மணிபோல் கெட்டியாகும். சனிக்கிழமை மாலை அறையில் பயிற்சிக்காக டைரித் துண்டைப் பற்றவைத்தேன். சுருண்டது. சொட்டியது. நுனியில் கறுப்பு மணி. ஊதி ஆறவைத்துப் பல்லில் கடித்துப் பார்த்தேன். உடையவில்லை.

போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "அந்தத் துணியைப் பிடுங்கிப் போட்டுருங்க" என்று சொன்னால் பத்து நிமிட வேலை. நான் டைரியைத் திறந்து கணக்குப் போட்டேன்: பாலியஸ்டர் உருக இருநூற்றைம்பது டிகிரி வேண்டும்; அவன் மீட்டர் நூற்றுப் பத்தில் நிற்கும்; ஆகவே ஆபத்தில்லை. மீட்டர் இருப்பது மேலே, கறிக்குப் பக்கத்தில். துணி இருப்பது கீழே, கரியை ஒட்டி. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மேலே இருக்கும் எண்ணையே எடுத்து எழுதி, அடிக்கோடும் போட்டேன். வகுப்பில் எல்லோரும் எதையும் என்னிடம்தான் சரிபார்ப்பார்கள். துரை சொன்னால் சரியாக இருக்கும் என்பான் ஜெயபாண்டி. அதைச் சொல்ல அவனைவிட்டால் இந்த ஊரில் எனக்கு வேறு ஆளில்லை. அதை இழக்க மனம் வரவில்லை.

காலையில் போயிருந்தால் அந்தப் புகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். போகவில்லை.

நாகஜோதி இதையும் படித்தாள். "கதை எழுதுற நேரத்துல ஒரு போன் போட்டிருக்கலாம்ல, கூறுகெட்டவனே" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

8

முடிவுகள்.

அ. ஒன்றே காலுக்குப் போன் அடிக்கிறது. தங்கதுரை எடுக்கிறான். "வாங்க தொரை, எங்க இருக்கீங்க?" "படியில ஏறீட்டு இருக்கறனுங்க." நாற்றமடிக்கும் கறியை இருவரும் தின்று, இருமி, சிரிக்கிறார்கள்.

ஆ. நாகஜோதி ஓ.டி.க்கு மட்டம் போட்டுவிட்டு வருகிறாள். புகை கறுத்ததும் கதவைத் திறந்து துணியைப் பிடுங்குகிறாள். கறி தப்பிக்கிறது. தங்கதுரையின் பெயர் பேச்சில் வரவே இல்லை.

இ. திங்கட்கிழமை ஜெயபாண்டி டிபன் பாக்ஸோடு வகுப்புக்கு வருகிறான். ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் எலும்பை வைக்கிறான். தங்கதுரை முன்னால் கறுப்பாக உருகிய ஒரு கட்டியை வைக்கிறான். ஆசிரியர் உட்பட எல்லோரும் சிரிக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இ. அதில் நான் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை.

9

இன்று ஐப்பசி முதல் ஞாயிறு. கறிக்கடையில் காலையிலேயே தெரு முனை வரை வரிசை. துணி காயப்போட மாடிக்குப் போனேன். மூன்றாவது சந்தில் வெள்ளைப் புகை.

அதைப் பார்த்தபடி நின்றேன். ஒன்பதரை ஆகியும் நீலமாகவில்லை. மாடிச் சுவருக்கு மேலே புகை நேராக எழாமல் பக்கவாட்டில் சிதறுகிறது. அந்தத் துணியைப் பிடுங்கிவிட்டான், பதிலுக்கு ஒன்றும் வைக்கவில்லை என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. இன்றைக்கு நாற்காலி வாங்கினானா, எத்தனை வாங்கினான் என்பது தெரியவில்லை.

அடைக்க வேண்டியது மைதா மாவு. பிரியாணிக்குத் தம் போடும்போது மூடியைச் சுற்றி ஒட்டுவார்களே, அதேதான். நெருப்பில் காய்ந்து ஓடுபோல் ஆகும். கருகினாலும் ரொட்டி வாசனைதான் வரும். திருப்பூரில் எந்தக் கல்யாண மண்டபத்திலும் பார்க்கலாம். நாங்கள் இருவருமே பனியன்காரர்கள், எங்களுக்குத் துணியைத் தவிர வேறு தோன்றவில்லை. கீழே கடைக்குப் போய் அரைக் கிலோ வாங்கி வந்தேன். வந்ததும் ஒரு சிட்டிகையை எரித்துப் பார்த்தேன். சிரிக்காதீர்கள்.

பிறகு இந்த மேசையில் உட்கார்ந்து, நான்காவது முடிவை எழுத நோட்டைத் திறந்தேன். முதல் வாக்கியம்கூட வந்துவிட்டது. அப்போதுதான் டைரியைப் புரட்டினேன். அ எழுதிய நாளில் "நன்றாகத் தூங்கினேன்" என்று குறித்திருக்கிறேன். ஆ எழுதிய நாளிலும் அதே. இ எழுதிய நாளில் பாட்டுக் கேட்டதாக இருக்கிறது. ஒவ்வொரு தடவை எழுதி முடித்ததும் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன்போல் இருந்திருக்கிறேன். அப்படித்தான் மூன்று வாரம் போயிருக்கிறது.

ஆகவே நான்காவதை எழுதவில்லை. அந்தப் பக்கத்தைக் காலியாக உங்களிடம் விடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: நான் போனதாக நீங்களும் எழுதிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது. "வாங்க தொரை" என்பானா, மாவை வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்துவானா, தெரியாது. துணியைப் பற்றி அவன் கேட்பதற்கு முன்னால் நான் சொல்லவேண்டும் என்பது மட்டும் தெரியும்.

மணி பத்தே கால். புகை இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. மாவைப் பிசையத் தண்ணீர் அவனிடமே இருக்கும். மூன்று சந்து, இருபத்திரண்டு படி, பிறகு தகரக் கதவு. அதைத் தட்டி, ஜெயபாண்டி, அந்தத் துணி